பழைய நிலத்தில் ஒருத்தி

சிவாஜினிக்குக் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளையை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்ட எல்லோருக்கும் அவளுடைய தாய் ஞானாம்பிகை ஒரே பதிலைத்தான் சொன்னார். "வேலை இடத்துப் பழக்கம்." உண்மை அதுவல்ல. கஜீவனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு இரண்டு வருடமாக சிவாஜினிக்கு அவனுடைய குரல் மட்டும்தான் தெரியும். அவன் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் இருந்தான், அவள் மொன்றியலில். இருவரும் ஒரே இணைய விளையாட்டில், ஒரே குழுவில் ஆடினார்கள்.

அந்த விளையாட்டில் ஆறு பேர் சேர்ந்தால்தான் ஒரு குழு. முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குகிறவனை டாங்க் என்பார்கள். பின்னால் நின்று அவனுடைய காயத்தை ஆற்றிக்கொண்டே இருக்கிறவர் ஹீலர். மற்ற நான்கு பேரும் அடிக்கிற ஆட்கள். கஜீவன் டாங்க், சிவாஜினி ஹீலர்.

"நான் சண்டைக்குள்ள திரும்பிப் பாக்கிறேல்லை. பின்னுக்கு நீ நிக்கிறாய் எண்டு தெரியும்," என்று ஒருநாள் அவன் சொன்னான். அதை அவள் காதல் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி நினைத்துத்தான் சொன்னேன் என்று பிறகு அவனும் ஒப்புக்கொண்டான்.

அவளுக்காக அவன் மொன்றியலுக்கு வந்தான். வராத பிரெஞ்சை வைத்துக்கொண்டு லவாலில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் வேலை எடுத்தான். கார்ட்டியர்வில்லில் இரண்டு அறை வீடு, வரவேற்பறைச் சுவரோடு இரண்டு கணினிகள். சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ரொறன்ரோவில் இருந்த மற்ற நால்வரோடும் சேர்ந்து ஆடுவார்கள். அந்த நால்வருக்கும் தலைவன் மாதிரி இருந்தவன் டிலக்ஷன், கஜீவனின் பள்ளிக்கூடக் கூட்டாளி. சிவாஜினியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அது நல்ல காலம். அவளே பின்னாட்களில் அப்படித்தான் சொன்னாள், மறுக்கவில்லை.

மகள் பிறந்தபிறகு நிலைமை மாறியது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஓடிவந்து உட்காருவாள். சண்டை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அறைக்குள் அழுகை கேட்கும்.

"பிள்ளை அழுறாள்."

"நான் எழும்பினா எல்லாரும் செத்திடுவினம்," என்பான் கஜீவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹீலர் எழும்பினாலும் எல்லோரும் சாவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழும்பிப் போகிறவள் அவள்தான். திரும்பி வரும்போது திரையில் ஆறு உடல்களும் தரையில் கிடக்கும். "பரவாயில்லை அக்கா," என்று டிலக்ஷன் சொல்லுவான். பரவாயில்லை என்று சொல்கிற குரலே இல்லை அது.

பிறகு எக்ஸ்பான்ஷன் வந்தது. பழைய விளையாட்டோடு ஒட்டி, புதிய நிலமும் புதிய வித்தைகளுமாகத் தனியே விற்கிற பகுதி. வாங்கினவர்கள் கப்பலேறிப் புதுக்கரைக்குப் போகலாம். வாங்காதவர்கள் பழைய நிலத்தில்தான் இருக்கவேண்டும்.

"இப்ப ஒருத்தரும் வாங்கேல்லை. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்," என்றான் கஜீவன். அவளும் பொறுத்தாள். சளி, காய்ச்சல், பல் முளைக்கிற நேரம் என்று குழந்தையோடு அலைந்ததில் சில கிழமைகள் அவளால் கணினிப் பக்கமே போக முடியவில்லை.

ஒருநாள் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறையைக் கடந்தபோது அவனுடைய திரையைப் பார்த்தாள். வெள்ளை மணல், அவள் பார்த்தேயிராத ஒரு கடல். ஆறு பேரும் நின்றார்கள். கஜீவனின் காலடியில் பச்சை வட்டம் ஒன்று சுழன்றது. ஹீலர் போடுகிற வட்டம். அவளுடையதல்ல.

"ஆர் ஹீல் பண்ணுறது?"

அவன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினான். "அக்னெஸ். டிலக்ஷனோட வேலை செய்யிற பிள்ளை."

"எப்ப வாங்கினனீ?"

"போன மாசம்."

"எனக்கு?"

"உனக்கு நேரம் இல்லைத்தானே."

கூடையைக் கீழே வைத்தாள். "எல்லாரும் சேந்து கதைச்சு எடுத்த முடிவோ?"

"அவங்கள் சொன்னவங்கள். இடையில எழும்பிப் போற ஹீலரை வச்சுக்கொண்டு புது இடத்துக்குப் போகேலாது எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றான். தன்னிடம் பிழை இல்லை என்று காட்டுகிற மாதிரிச் சொன்னான்.

சிவாஜினிக்கு அந்த ஒரு வசனம்தான் பொறுக்கவில்லை. அவன் வேறு யாரையோ விரும்பினான் என்றால்கூட அவளுக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். கத்தியிருக்கலாம், தாய் வீட்டுக்குப் போயிருக்கலாம். இது அப்படி ஒன்றுமில்லை. அக்னெஸ் என்பவள் யாரென்று அவனுக்கும் சரியாகத் தெரியாது. இருந்த ஆளை மாற்றினார்கள், அவன் பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். இதை யாரிடம் போய் முறையிடுவது? ஒரு விளையாட்டுக்காகவோ அழுகிறாய் என்றுதான் கேட்பார்கள்.

அவளும் எக்ஸ்பான்ஷனை வாங்கியிருக்கலாம். சொந்தச் சம்பளம் இருந்தது. செந்லோரானில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. ஆனால் வாங்கினால் அந்தக் கரையில் போய் இறங்கி, நான் வந்துவிட்டேன் என்று அவர்கள் முன்னால் நிற்கவேண்டும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மகளைக் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவரும் வரைக்கும் வீடு அமைதியாக இருக்கும். அந்தப் பின்னேரங்களில் பழைய நிலத்தில் தனியாக ஆடுவது என்று முடிவெடுத்தாள். எக்ஸ்பான்ஷன் இல்லாமல், குழு இல்லாமல், ஒரே ஆளாக.

அதற்கு அவளுடைய ஹீலர் உதவாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்றவர்களின் காயத்தை ஆற்றத் தெரிந்த அந்தப் பாத்திரத்துக்கு ஓர் ஓநாயைக் கொல்லத் தெரியவில்லை. ஓநாய் கடிக்கும், அவள் தன்னை ஆற்றிக்கொள்வாள், திரும்பக் கடிக்கும். யாரும் சாகாமல், யாரும் வெல்லாமல் அது இழுபட்டுக்கொண்டே போகும். கைத்தடியால் தட்டித் தட்டி ஒருவழியாக அதைச் சாய்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இணையத்தில் ஆட்டக்காரர்கள் கூடும் பக்கத்தில் கேட்டாள். எக்ஸ்பான்ஷன் இல்லாமல் தனியே ஆட எந்தப் பில்ட் நல்லது? பில்ட் என்றால் ஒரு பாத்திரத்துக்கு எந்த வித்தை, எந்த ஆயுதம், எந்தக் கவசம் என்று பார்த்துப் பொருத்துகிற பொருத்தம். வந்த பதில்களில் பாதி, 'முதலில் எக்ஸ்பான்ஷனை வாங்கு' என்றது. மீதிப்பேர் வேட்டைக்காரியைச் சொன்னார்கள். வேட்டைக்காரிக்கு ஒரு கரடி துணைக்கு வரும். கரடி முன்னால் போய் அடி வாங்கும், அவள் பின்னால் நின்று அம்பு விடலாம்.

வேட்டைக்காரியை உருவாக்கினாள். எல்லாரும் சொன்னது சரிதான், சுலபமாக இருந்தது. ஆனால் கரடிக்குக் காயம் படும்போதெல்லாம் மருந்து போடவேண்டும். ஒரு கிழமை கழிந்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முன்னால் ஒரு தடியன் போகிறான், பின்னால் நான் மருந்துப் பெட்டியோடு நடக்கிறேன். அன்றைக்கே அந்த வேட்டைக்காரியை அழித்தாள்.

அடுத்து நெருப்பு எறிகிற மந்திரவாதி. எறிந்துவிட்டு ஓடவேண்டும், திரும்பி நின்று எறிந்துவிட்டு மறுபடி ஓடவேண்டும். எதிரி தொட்டால் செத்துப்போவாள். தொழிற்சாலையில் நாள் முழுக்க ஓடிவிட்டு வந்து இங்கேயும் ஓட அவளுக்கு விருப்பமில்லை.

கடைசியில், ஒரு போர்வீராங்கனையை எடுத்து, ஒருவரும் சொல்லாத ஒன்றைத் தானே பொருத்தத் தொடங்கினாள். பழைய விளையாட்டில் போர்வீரர்களுக்கு 'இரத்தப் பசி' என்று ஒரு வித்தை இருந்தது. எதிரியை அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவனுடைய உயிரில் சிறுபங்கு அடிக்கிறவருக்குத் திரும்பும். பங்கு மிகச் சிறியது என்பதால் எவரும் அதை மதிப்பதில்லை. சிவாஜினி கேடயத்தை விட்டாள், இரண்டு கைக்கும் இரண்டு சிறு கோடரி கொடுத்தாள். கனமான இரும்புக் கவசம் கையை மந்தமாக்கியது, அதைக் கழற்றித் தோல் சட்டை போட்டாள். ஆற்றில் தானே மீன் பிடித்து, கை வேகத்தைக் கூட்டுகிற சூப்பைக் காய்ச்சினாள். அடித்துக்கொண்டே இருக்கும்வரை சாகமாட்டாள். கை ஓய்ந்தால் போய்விடுவாள். விளையாட்டு அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் கேட்டபோது 'ஒருத்தி' என்று எழுதினாள்.

பழைய நிலம் வெறிச்சோடிக் கிடந்தது. முன்பு ஆட்கள் முண்டியடிக்கிற சந்தையில் கடைக்காரப் பொம்மைகள் மட்டும் நின்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. எப்போதாவது ஒரு புதியவர் வருவார், கப்பல் எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

உப்புச் சுரங்கத்தின் அடியில் ஓர் அரசி இருந்தாள். பழைய விளையாட்டில் அவள்தான் கடைசிச் சண்டை. ஆறு பேருமாக ஒரு கோடைகாலம் முழுவதும் மோதித்தான் அவளை அந்தக் குழு வென்றது. 'ஒருத்தி' தனியாகப் போனாள், செத்தாள். திரும்பப் போனாள். அரசி எப்போது உப்புச் சுவரை எழுப்புவாள், எந்தப் பக்கம் திரும்பி ஊதுவாள் என்பதெல்லாம் கைக்குப் பழகும்வரை, அந்த மாரி முழுக்கச் செத்துக்கொண்டேயிருந்தாள். கூவான் வீதியில் பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், அரசி முழங்காலில் விழுந்து உப்பாக உதிர்ந்தாள். திரையில் ஒரு மணி ஒலித்தது. பார்க்க ஒருவரும் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உப்பரசியை நான் தனிய அடிச்சிட்டன்."

கஜீவன் நிமிர்ந்தான். ஒரு கணம் அவன் முகத்தில் பழைய ஆள் தெரிந்த மாதிரி இருந்தது. "அவளையோ? அவளின்ர பலத்தைப் போன அப்டேட்டில குறைச்சுப் போட்டாங்கள். புதுசா வாற ஆக்களுக்குக் கஷ்டமாம்," என்றான். சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. விளையாட்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவள் போய்ப் பார்த்தாள். உண்மையாகவே குறைத்திருந்தார்கள். எவ்வளவு என்று எழுதியிருந்தது. அப்படிக் குறைத்த பிறகும், தனியே வெல்லலாம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதை அவனுக்குக் காட்டலாமா என்று யோசித்தாள். தட்டுகளைக் கழுவினாள்.

கோடையில் அக்னெஸ் குழுவை விட்டுப் போனாள். காரணம் கஜீவனுக்கே தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

"உனக்கு எக்ஸ்பான்ஷன் வாங்கி அனுப்பியிருக்கிறன். திறந்து பார். எல்லாரும் உன்னைத்தான் கேக்கினம்."

"பிள்ளை அழுதா ஆர் எழும்புறது?"

அவன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். "அவள் இப்ப வளந்திட்டாள்தானே."

சிவாஜினி தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம். வேற ஆரையும் பாருங்கோ," என்றாள்.

வீட்டுக்குள் அவனோடு அவள் 'பாருங்கோ' என்று மரியாதை வைத்துப் பேசியதில்லை, எப்போதும் நீதான். அவனுக்கு அது விளங்கியது. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். வேறு ஹீலர் கிடைக்கவில்லை. டிலக்ஷனுக்கும் அவனுக்கும் வாக்குவாதம் வந்து குழு சிதறிப்போனது. அதற்குக் காரணம் சிவாஜினி என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான், அதை அவள் தினமும் பார்த்தாள்.

இலையுதிர் காலத்தில் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. இனிப் பழையது புதியது என்ற பிரிவு இல்லை. எக்ஸ்பான்ஷன் எல்லோருக்கும் இலவசம். வித்தைகள் எல்லாம் புதிதாக ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. அடுத்த பின்னேரம் சிவாஜினி விளையாட்டைத் திறந்தபோது 'ஒருத்தி' சுரங்கத்துக்குப் பக்கத்தில் இல்லை. வெள்ளை மணலில், நூறு பேர் குதித்துத் திரிகிற துறைமுகத்தில் நின்றாள். நண்டு ஒன்று வந்து கடித்தது. சிவாஜினி இரண்டு கோடரியாலும் வெட்டினாள். உயிர் திரும்பவில்லை. வெட்டிக்கொண்டே செத்துப்போனாள்.

இரத்தப் பசியின் விளக்கத்தைத் திறந்து வாசித்தாள். குழுவில் ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டுமே இது வேலைசெய்யும் என்று மாற்றியிருந்தார்கள்.

ஆட்டக்காரர்களின் பக்கத்தில் எழுதினாள். 'வேறு ஒன்றை உருவாக்கு, இப்போது எல்லாம் இலவசம்தானே' என்று பதில் வந்தது. சிரிப்புப் படமும் போட்டிருந்தார்கள். அவள் திரும்ப எழுதவில்லை. கணினியை மூடினாள். மகளைக் கூட்டிவரப் போகிற நேரமும் ஆகியிருந்தது.

இப்போது அந்தப் பின்னேரங்களில் அவள் படுத்துத் தூங்குகிறாள். அவளுடைய கணினி மகளின் பிரெஞ்சுப் பாட்டுகளுக்கு உதவுகிறது. கஜீவன் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பார்க்கிறான். சாமான் வாங்க லவாலுக்கு மூவரும் ஒன்றாகப் போகிறார்கள். வண்டிக்குள் என்ன வாங்குவது என்பதைப் பற்றித்தான் கதை.

சென்ற கிழமை கோயிலில், கூட நின்ற பெண்களிடம் ஞானாம்பிகை சொல்லிக்கொண்டிருந்தார். "முந்தி இரண்டு பேரும் எந்த நேரமும் அந்தக் கேமுக்குள்ளதான். இப்ப விட்டிட்டினம். அதுக்குப் பிறகுதான் குடும்பம் குடும்பமா இருக்கு."

"அப்பிடியே பிள்ளை?" என்று அவர்களில் ஒரு பெண் சிவாஜினியைக் கேட்டாள்.

"ஓம்," என்றாள் சிவாஜினி. கஜீவன் வெளியே காரைச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தான். அவள் மகளுக்குக் குளிர்ச் சப்பாத்தைப் போட்டுவிடக் குனிந்தாள்.