பூரிக்கட்டை ஜோக்கும் இந்திரா டீச்சரின் கையும்

எலுமிச்சை சாதமும் புது அச்சு மையும் கலந்த ஒரு வாசனை... வெள்ளிக்கிழமை மதியம் என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். கடலூரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயில். வெள்ளிக்கிழமை மட்டும் நான் ரயில் ஏறும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் கடையில் வாரப் பத்திரிகை வாங்குவேன். ரயிலில் பிரிக்க மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் ஏழு டிபன் பாக்ஸும் திறந்த பிறகுதான் பிரிப்பேன். ஜோக்குகளைக் குரல் மாற்றி வாசித்துக் காட்டுவது என் வேலை.

எங்களில் இந்திரா டீச்சரின் வீட்டுக்காரர் போஸ்ட் கார்டில் ஜோக் எழுதிப் போடுகிறவர். மாதம் ஒன்றாவது வந்துவிடும், அடியில் அவர் பெயரும் ஊரும் போட்டு. பெரும்பாலும் மனைவியிடம் அடி வாங்கும் கணவன் ஜோக்குகள்தான்.

அன்று வந்தது இது:

"ஏன் சார், ஹெல்மெட்டைக் கழட்டாமலே வீட்டுக்குள்ள போறீங்க?"

"இன்னைக்கு எங்க வீட்ல பூரி சார்!"

பக்கத்திலேயே படம். பூரிக்கட்டையை ஓங்கியபடி ஒரு குண்டு மனைவி.

சிரித்த சிரிப்பில் ஸ்டெல்லா டீச்சருக்குப் புரையேறிவிட்டது. "ஏம்மா இந்திரா, அவரு பாவம்மா... கொஞ்சம் விட்டு வையி!"

"எங்க வீட்டுக்காரரும் ஒரு வாரமா ரொம்பப் பேசுறாரு. அந்தக் கட்டைய எனக்குக் குடுத்தனுப்பேன்" என்றார் இன்னொரு டீச்சர்.

இந்திராவும் சிரித்தாள். எங்கள் எல்லோரையும் விட ஜாஸ்தியாகவே.

சாப்பிட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனோம். அவள் வலது கையில் மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். ஒன்றரை மாதமாக மாணவிகள்தான் அவளுக்காகக் கரும்பலகையில் எழுதினார்கள். இப்போதும் குழாயைத் திருக முடியாமல் தடுமாறினாள். நான் திறந்துவிட்டேன். அதோடு என் வாய் சும்மா இருந்ததா?

"என்ன இந்திரா, சார அடிச்சி அடிச்சி கை போயிடுச்சா?"

அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இல்லக்கா. பூரி உப்பலன்னு அவருதான் அடிச்சாரு. கட்ட ரெண்டாப் போயிடுச்சு."

சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது தண்ணீர் என் புடவையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"மறுநாளே ஒக்காந்து இந்த ஜோக்க எழுதினாரு. ஸ்கூலுக்குப் போற வழியில போட்டுடுன்னாரு. நான்தான்க்கா போஸ்ட் பாக்ஸ்ல போட்டேன்." அடிபடாத இடது கையைக் காட்டினாள். "இந்தக் கையால."

"ஏண்டி... யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"யாருக்கா நம்புவாங்க? நான்தான் அவர அடிக்கிறேன்னு ஊரே படிச்சிருக்கே. நீங்களும் சொல்லிடாதீங்க. சிரிச்சிக்கிட்டு இருக்கற வரைக்கும் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. கண் வலி என்று பொய் சொல்லி ஜோக் வாசிப்பதை மட்டும் நிறுத்தினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எதற்கும் ஓர் உதாரணம் சொல் என்று வகுப்பில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியவள் நான். மனைவி அடிக்கும் அந்த ஜோக் படங்களுக்கு ஓர் உதாரணத்தை நானே தேடிப் பார்த்தேன். தலை வீங்கி வந்த ஒரு கணவரையும் என் சர்வீஸில் பார்த்ததில்லை. கை வீங்கி வந்த டீச்சர்கள் உண்டு. கன்னம் வீங்கி வந்த மாணவிகளின் அம்மாக்கள் உண்டு. அவர்களை யாரும் படம் போடவில்லை.

போன வாரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில்... அதே ஹெல்மெட், அதே பூரி! படம் மட்டும் கலரில். அடியில் பெயர் இல்லை. எழுதியவர் இறந்தே பல வருடம் ஆகிறது. கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

அதில் ஒன்று இந்திரா போட்டது.

பண்ருட்டியில் மகள் வீட்டில் இருக்கும் அவளுக்கு உடனே போன் செய்தேன்.

"அது யாரு எழுதினதுன்னு தெரியலையா ஒனக்கு?"

"தெரியாமலா? நான் போஸ்ட் பண்ணதாச்சேக்கா."

"அப்புறம் ஏண்டி சிரிச்சி வச்ச?"

"எல்லாரும் போட்டாங்க... கை தானாப் போயிடுச்சுக்கா. பழக்கம்."

பிறகு, "இத நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"பேர மாத்தி எழுதுங்க. குரூப்புக்கு மட்டும் நெசப் பேரச் சொல்லி நீங்களே வாசிச்சு அனுப்புங்க... அப்ப வாசிச்ச மாதிரி."

இங்கே எல்லோர் பெயரையும் மாற்றிவிட்டேன். குரூப்பில் நேற்று வாசித்து அனுப்பினேன், குரல் மாற்றாமல். அந்த நாளில் வாரத்துக்கு ஒரு முறைதான் இப்படிச் சிரித்தோம். இப்போது காலையில் கண் விழித்ததுமே குரூப்பில் சிரிப்பு தொடங்கிவிடும். நேற்று மட்டும் ஒரு பொம்மையும் வரவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"இந்திரா, கை இப்ப எப்படிம்மா இருக்கு?"