வரப்போடு நின்ற தீ

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் ஒன்று கொழுந்தனார் பிள்ளை. கையெழுத்து மட்டும் போடுவேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொல்ல வந்தது ஒரு படத்தைப் பற்றி. வானத்திலிருந்து எடுத்த படம். வெளுத்த நிலங்களுக்கு நடுவே ஒரு கறுப்புச் சதுரம், ஓரமெல்லாம் கத்தி வைத்து நறுக்கினாற்போல.

அது என் சின்ன மருமகளின் லேப்டாப்பில் வந்தது. இந்தப் பேத்தியின் அம்மா அவள். அப்போது மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். எங்கோ ஒரு நாட்டில் சண்டை. எந்த நாடென்று சொல்லக் கூடாதாம். குண்டு விழுந்து எரிந்த வயல், கருகிய தோப்பு, எண்ணெய் கலந்த ஆறு எல்லாவற்றையும் படத்தில் பார்த்து ஏஐ குறித்து வைக்கும். அது குறித்தது சரியா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் தப்பென்று அடித்துவிட்டால், அப்படிப்பட்ட இடங்களை விட்டுவிட அது பழகிக்கொள்ளும். விட்டுப்போன வயலுக்குச் சண்டையால் சேதமே இல்லை என்று ஆகிவிடும்.

கறுப்புச் சதுரத்தில் அவளுக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டாள். முப்பது வருஷம் கரும்பு வெட்டினவள் நான். வெட்டி முடித்த கரும்புக் கொல்லையில் காய்ந்து கிடக்கும் தோகையை, சோகை என்போம் நாங்கள், கொளுத்துமுன் வரப்போரத்திலிருந்து உள்ளே தள்ளிவிடுவோம், பக்கத்துக் கொல்லைக்குத் தீ தாவக் கூடாதென்று. எரிந்து அடங்கினால் இதே சதுரம்தான்.

"குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நெலத்துக்காரன் அறுத்து எடுத்துக்கினு போயி அவனே நெருப்பு வெச்சிருக்கான். குண்டுக்கு வரப்பு தெரியுமா?" என்றேன்.

"உங்கள எங்க ஆபீஸ்ல வெச்சிருக்கணும் அத்தே" என்று சிரித்தாள். அதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூன்று நாள் அதுபோன்ற சதுரங்களையெல்லாம் தப்பு, தப்பு என்று அடித்துக்கொண்டே போனாள்.

நாலாம் நாள் மேலதிகாரி போன் செய்தார். எரிவதற்கு முதல் நாள் எடுத்த படத்தில் கோதுமை அறுக்காமல் முற்றி நின்றதாம். அறுக்க ஊரில் ஆளே இல்லை, எல்லோரும் முன்பே ஓடிப்போயிருந்தார்கள். தீ நின்றது வரப்பில் அல்ல, நிலத்தைச் சுற்றிப் போன தார்ரோட்டில்.

யார் சொல்லிச் செய்தாய் என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "நான்தாங்க சார் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். கதவோரம் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அடித்த ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நெருப்பு வெச்சவன் வூட்டுக்குத் திரும்பிப் போயிருப்பான்னு நெனச்சிட்டோம் அத்தே."

இப்போது அவள் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறாள். லீவுக்கு வந்த பேத்தி நாளைக்குக் கிளம்புகிறாள். இன்று காலை பக்கத்துக் கொல்லையில் சோகை கொளுத்தினார்கள். வரப்போடு நின்ற அதே கறுப்பு. முன்பெல்லாம் கறுப்பைப் பார்த்தால் எனக்குப் போதும். இன்று கொளுத்தின ஆளையும் தேடினேன். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தேன். இந்த வயதில் இது ஒரு அலுப்பு.

பாப்பா, எழுதினதைப் படி. அவனே நெருப்பு வெச்சான்னு சொன்னது ஆயாதான்னு போட்டியா? அந்த இடத்தை மட்டும் இன்னொரு வாட்டி படி. உங்கம்மாகிட்டயும் அப்படியே படிக்கணும்.