ஊக்கத்தை எண்ணிய சனிக்கிழமைகள்

எனக்குக் கட்டம் போட்ட தாள் என்றால் ஒரு பைத்தியம். அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நேர அட்டவணையும் தொங்கும். எதையும் கட்டத்துக்குள் போட்டுவிட்டால் அது நம் கைக்கு அடங்கிவிடும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அதனால்தான் எங்கள் பயிற்சி வகுப்பை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டினேன்.

நாங்கள் சனிக்கிழமைதோறும் ஆசிரியப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வாரநாட்களில் ஆளுக்கொரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம். சனிக்கிழமை கோலாலம்பூருக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் நாங்களே பிள்ளைகளாகி உட்காருவோம். அதற்குப் பெயர் வெறும் வகுப்புத்தான். நாங்கள் அதைக் காலேஜ் என்றே சொல்லிக்கொள்வோம், சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு. செராஸிலிருந்து, செமினியிலிருந்து, கிள்ளானிலிருந்தெல்லாம் வருவார்கள். சைக்கிளில் வருகிறவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். முப்பது பேர் இருப்போம்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் அவை. எல்லா இடத்திலும் ஆட்களைக் குறைத்தார்கள், காலேஜையும் விடவில்லை. பருவ முடிவில் ஆறு பேரை நிறுத்த வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. பரீட்சையை வைத்து நிறுத்துவது துரைக்குப் பிடிக்கவில்லை. பரீட்சையில் மனப்பாடம் ஜெயிக்கும். யாருக்கு உண்மையிலேயே படிப்பில் மனசு இருக்கிறதோ அவர்கள் இருக்கட்டும் என்றார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவேட்டில் 'ஊக்கம்' என்று புதிதாக ஒரு பத்தி போட்டார். அதை நிரப்ப வகுப்பு மோனிட்டரான என்னை வைத்தார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு பெரிய தாளில் கோடு கிழித்தேன். வாய்விட்டுக் கேள்வி கேட்டால் ஒரு கோடு. கை தூக்கினால் ஒரு புள்ளி. குறிப்பு எழுதினால் ஒரு பெருக்கல் குறி. அப்பாவின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். கண் கரும்பலகையில் இருந்தால் சரி. கண் மூடியிருந்தால் ஒரு வட்டம். முதல் வாரத் தாளைப் பார்த்துத் துரை என் தோளைத் தட்டினார். நான் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

எட்டு வாரம் எண்ணினேன். என் பெயருக்கு நேரே கோடுகள் நெல் நட்டதுபோல் நெருக்கமாக நின்றன. அதில் கள்ளத்தனம் இல்லை, நிஜமாகவே நான் நிறையக் கேட்பேன். எனக்கு அடுத்தபடியாக வந்தவன் கிள்ளான்காரன் ஒருவன். அவன் எனக்கு ஒரு புதிராகவே இருந்தான். ஆண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்துக்கொள்வான். நான் திரும்பும்போதெல்லாம் கண் மூடியிருக்கும். வட்டம் வட்டமாகப் போடுவேன். திடீரென்று எழுந்து, அன்றைய பாடத்தின் மென்னியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பான். விரிவுரையாளர் கையிலிருக்கும் சுண்ணாம்புக்கட்டி அப்படியே நின்றுவிடும். அவன் உட்கார்ந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வான். தூங்கிக்கொண்டே யோசிக்கிற மேதை என்று நினைத்தேன்.

அவன் தங்கையும் வகுப்பில் இருந்தாள். கிள்ளானில் பெண்கள் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவள். பெண்களுக்கான இரண்டு பெஞ்சில் பின்னதில், நடைபாதையை ஒட்டி, அண்ணனுக்கு எதிரே உட்காருவாள். எட்டு வாரத்தில் அவள் வாய் திறக்கவில்லை. கை தூக்கவில்லை. மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதும்போது அவள் மடியில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். எப்போதாவது துண்டுத் தாளில் ஒரு வரி எழுதுவாள். ஒரு வரியையெல்லாம் குறிப்பு என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் பெயருக்கு நேரே கட்டங்கள் வெள்ளையாகவே கிடந்தன. நிறுத்தப்படப்போகும் ஆறு பேரில் அவள்தான் முதல். எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை. தாள் சொல்கிறது, நான் என்ன செய்ய.

தாளைத் துரையிடம் கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது, கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவுக்கு அம்மா ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். வகுப்பு முடிந்து பிற்பகல் ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறி, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டாலிங் தாண்டியபோதுதான் என் முதுகுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் அண்ணனும் தங்கையும் இருப்பது தெரிந்தது. அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குரல் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அன்றைக்குப் பின்னங்களை எப்படிக் கற்பிப்பது என்று பாடம். அதை அவள் ரயிலில் முதலிலிருந்து நடத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் மாணவன். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய பீசாங் கோரெங் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பொரித்த வாழைப்பழத்தைக் காட்டி, இதில் ஐந்தில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டாள்.

"எட்டுல ஒண்ணு தான் டீச்சர்" என்றான் அவன், மூக்கால் பேசுகிற பையன் குரலில்.

"ஏன்?"

"எட்டாப் பிரிச்சா எட்டுத் துண்டு இருக்கே. அஞ்சாப் பிரிச்சா அஞ்சுதானே. எங்க வீட்டுல எட்டுத் துண்டு போட்டாதான் எல்லாருக்கும் கிடைக்கும்."

அவள் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. எட்டுத் துண்டில் உனக்கு எத்தனை வரும் என்று கேட்டாள். அவன் ஒன்று என்றான். அந்த ஒன்றை விரலால் அளந்து காட்டு என்றாள். அவன் காட்டிவிட்டு, சரி டீச்சர், நான் பசியாறிட்டு வந்திருக்கேன், எனக்குச் சின்னதே போதும், ஆனா எட்டு தான் பெரிய நம்பர் என்று மறுபடியும் முரண்டு பிடித்தான். எதிரே உட்கார்ந்திருந்த தோட்டத்து அம்மாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து தீகா ஸ்டேஷன் வந்தது, ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தின் நாற்றம் ஜன்னலில் அடித்தது, அவள் விடவில்லை. நான்கு வழியில் சொல்லிப் பார்த்து, ஐந்தாவது வழியில் அந்த முரட்டுப் பையனைப் பிடித்துவிட்டாள். பிறகு பழத்தைத் தின்றுகொண்டே குரலை மாற்றி, "நான் எழுதிக் குடுத்ததுல நீ பாதிதான் கேட்டண்ணே. நாப்பது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒரு பிள்ளைகிட்டயே எப்படி நிக்கிறதுன்னு கேக்கச் சொன்னேன்ல" என்றாள்.

"துண்டுச் சீட்டு மடிஞ்சிருந்துச்சு, தெரியலலா" என்றான் அவன்.

எனக்குக் காது சுட்டது. அன்று காலை அவன் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் மற்றதைவிடக் கொஞ்சம் தடித்த கோடாகவே போட்டிருந்தேன். எழுந்து, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். "அந்தக் கேள்வியெல்லாம் உங்களோடதா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் தலை குனிந்துகொண்டாள். அண்ணன்தான் அசராமல், "வாங்க மோனிட்டரே, உக்காருங்க. பழம் சாப்பிடுங்க. இதுக்கு என்ன குறி, கோடா வட்டமா?" என்றான்.

பாடாங் ஜாவா ஸ்டேஷன் வருவதற்குள் விஷயம் முழுவதும் தெரிந்தது. அவளைக் காலேஜுக்கு அனுப்ப அவர்கள் அப்பா இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். அண்ணன் கூடவே போக வேண்டும். ஆம்பிளைகள் நிறைந்த வகுப்பில் எழுந்து நின்று வாய் திறக்கக் கூடாது. அவள் ஒப்புக்கொண்டாள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் மணி போல் பேசுகிறவள், சனிக்கிழமை மட்டும் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து அண்ணனுக்குத் தள்ளினாள். அவன் கேட்டான். நான் அவனுக்குக் கோடு போட்டேன்.

என் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அவள் தன் பெயருக்கு நேரே விரலை நகர்த்திக்கொண்டே கடைசிவரை போனாள். "நீங்க பார்த்ததைத்தான் போட்டிருக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணன் உடனே, என் கோடு எல்லாவற்றையும் அவள் பேருக்கு மாற்றிவிடுங்கள் என்றான். நான் அழிரப்பரைத் தேடிப் பையைக் குடைந்தேன். அவள் தாளின்மேல் கையை வைத்துத் தடுத்தாள்.

"அண்ணன் பேரை அடிச்சுட்டா, வகுப்புக்குள்ள அண்ணன் இருக்காது. அண்ணன் இல்லாம அப்பா என்னை அனுப்ப மாட்டாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோடுகள் அவனிடம் இருந்தால் அவள் போவாள். அவளிடம் போனால் அவன் போவான், அவன் பின்னாலேயே அவளும் போவாள். என் தாளில் எந்தப் பக்கம் எழுதினாலும் அந்தப் பெண்ணுக்குக் காலேஜ் இல்லை.

கிள்ளானில் இறங்கி நடந்தேன். அண்ணன் ஜன்னல் வழியாக ஊறுகாய் ஜாடியை நீட்டிக்கொண்டு கூப்பிட்ட பிறகுதான் அதை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அவர்கள் பின்னால் இறங்கி வேறு பக்கம் போனார்கள். அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மூக்குப் பேச்சுப் பையனே தலைக்குள் நின்றான். எட்டுத் துண்டு, எட்டுப் பேர், சின்னதே போதும். என் வகுப்பில் நிஜமாகவே அப்படி ஒரு பையன் இருக்கிறான். அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறான் என்று நான் வட்டம் போட்டவன், அந்தப் பையனின் மூளைக்குள் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இவ்வளவு கச்சிதமாகத் தப்புச் சொல்ல வேண்டுமானால் பாடம் எவ்வளவு நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்! நான் எட்டு வாரமாக இரண்டு பேரைத் தவறாக எண்ணியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே போய்த் துரையிடம் தாளை வைத்து, இது செல்லாது என்றேன். யாருடைய ரகசியத்தையும் சொல்லவில்லை. வாய் திறந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன், மனசு திறந்தவர்களை எண்ணத் தெரியவில்லை என்றேன். துரைக்கு முகம் சுருங்கியது. அவருக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்திருந்தது. மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்திருந்தார். வேறு என்ன வழி என்று கேட்டார். இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுங்கள், ஒருவர் பாடம் நடத்தட்டும், ஒருவர் பாடம் புரியாத பிள்ளையாக இருக்கட்டும், நீங்களே பாருங்கள் என்றேன். ரயிலில் பார்த்ததைத்தான் சொன்னேன். என் சொந்த மூளை அதில் இல்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி, ஒரு சனிக்கிழமை தருகிறேன் என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் முதல் ஆளாகப் போனேன். செராஸ்காரர் ஒருவர் பாடம் நடத்த, நான் புரியாத பிள்ளை. அவர் கேட்டார்; நான் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் சொல்லிவிட்டேன். தப்பாகச் சொல்ல வேண்டும் என்று தெரியும், ஆனால் என்ன தப்பு என்று வரவில்லை. கடைசியில் ஐந்தும் மூன்றும் ஒன்பது என்றேன். வகுப்பே சிரித்தது. பாடம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

அண்ணனும் தங்கையும் எழுந்தார்கள். அவள் தன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று நினைத்தேன். அவள் கரும்பலகைக்குப் போனாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் ஒருவனைத்தான் பார்த்தாள், அவனிடம்தான் பேசினாள். அண்ணனிடம் பேசக் கூடாது என்று யாரும் அவளிடம் வாக்கு வாங்கவில்லையே. அவன் எட்டுத் துண்டை எடுத்தான். அவள் அவனைத் துரத்தினாள். துரைக்காக ஆங்கிலத்தில் நடந்தாலும் அதே ரயில் பாடம்தான். ஆனால் இந்த முறை அவன் புதிதாக வேறொரு முட்டாள்தனம் கண்டுபிடித்து நீட்டினான். அவள் ஒரு கணம் திணறி, ஒரு தாளைக் கிழித்து, மடித்து, அவன் கையில் வைத்தாள். முப்பது பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஆறு பேர் போகத்தான் போனார்கள். உத்தரவை யாராலும் மாற்ற முடியவில்லை. துரை எதை வைத்து முடிவு செய்தார் என்று எனக்குச் சொல்லவில்லை. பதிவேட்டில் 'ஊக்கம்' பத்திக்குக் குறுக்கே ஒரு நீளக் கோடு இழுத்திருந்தார், அவ்வளவுதான். இருக்கப்போகிறவர்களின் பட்டியலை வரிசைப்படி ஒட்டினார்கள். தங்கை பெயர் மேலே. அண்ணன் பெயர் இரண்டு வரி கீழே. என் பெயரைத் தேடினேன். கடைசியிலிருந்து இரண்டாவது.

பிற்பகலில் நான் நேரே வீட்டுக்குப் போகாமல் கிள்ளான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். இந்த முறை கையில் ஊறுகாய் இல்லை, சாக்கு எதுவும் இல்லை. அவர்கள் பெட்டியைத் தேடிப் போய், எனக்கும் அந்த வித்தை வர வேண்டும் என்றேன். அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தான். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

"மோனிட்டரும் பின் பெஞ்சுல உக்காந்தாச்சு" என்றான் அவன். "இப்ப யோசிச்சு, ஒரு நல்ல தப்பா சொல்லுங்க பார்ப்போம்."

பெட்டாலிங் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.