அசையாத வெள்ளைக் கோட்டு

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் கடைக்கே வந்து கேட்கலாம். அண்ணி இன்னும் அங்கேதான் தைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் இறந்த பிறகு அண்ணி சொந்தக் காலில் நின்றது அந்த ஒற்றை அறைத் தையல் கடையை வைத்துத்தான். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் கொடுத்தனுப்ப மாட்டார். "தோள் சரியா உக்காரணும். பிறகு என்னைத் திட்டக் கூடாது" என்பார்.

முதல் நில அதிர்வு ஒரு திங்கட்கிழமை வந்தது. தரைக்கடியில் லாரி போவதுபோல் ஓர் உறுமல். தையல் மெஷின் தானாக நகர்ந்தது. தெருவே வெளியே ஓடியது. எங்கள் பக்கம் ஒரு சுவரில்கூடக் கீறல் இல்லை. ஓடியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே போனோம்.

வியாழக்கிழமை மறுபடியும். மதியம் மூன்றே கால். டக்... டக்... டக்... கம்பியில் தொங்கிய துணிகள் எல்லாம் ஊசலாடின.

ஒன்றைத் தவிர.

கடைசியில் தொங்கிய வெள்ளைக் கோட்டு. ஒரு நர்ஸ் தைக்கக் கொடுத்தது. போட்டுப் பார்க்க அந்தப் பெண் இன்னும் வரவில்லை. கோட்டு அசையவே இல்லை. உள்ளே ஆள் இருப்பதுபோல் நின்றது.

மாலையில் அண்ணி இதை என்னிடம் சொன்னார்.

"பேசாம கடையைக் காலி பண்ணிடுங்க அண்ணி."

"நான் ஏன் போகணும்? வாடகை குடுக்கிறது நான்."

சனிக்கிழமை மூன்றாவது அதிர்வு. கடையில் அண்ணி மட்டும். தெருவே வாசலுக்கு ஓடியது. அண்ணி ஓடவில்லை. கோட்டை நோக்கி நடந்தார்.

துணிகள் ஆடின. கத்தரிக்கோல் விழுந்தது... ணங்.

கோட்டு அசையவில்லை.

அதன் கைப்பகுதியைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது...

பயத்தோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"போட்டுப் பார்க்க வந்தியா? அப்போ கூனாம நேரா நில்லு."

கோட்டு நிமிர்ந்தது.

இடது தோள் மட்டும் நிமிரவில்லை.

அளவெடுத்தபோது இரண்டு தோளும் சமமாகத்தான் இருந்தன. அண்ணி குண்டூசிகளை எடுத்தார். இடது தோளைத் தாழ்த்திக் குத்தினார்.

அதிர்வு நின்றது. கோட்டு தொளதொளவென்று மற்றத் துணிகளைப்போல் தொங்கியது. அண்ணி உட்கார்ந்து, குத்திய இடத்தை அப்படியே தைத்து முடித்தார்.

செவ்வாய்க்கிழமை நர்ஸின் அண்ணன் வந்தார். அப்போது நானும் கடையில் இருந்தேன்.

"தங்கச்சி கோட்டு ஒண்ணு குடுத்திருந்தா."

"அவளையே வரச் சொல்லுங்க. போட்டுப் பார்க்கணும்."

"அவ இல்லைங்க. முதல்ல பூமி ஆடுச்சே, அன்னிக்கு நோயாளி ஒருத்தரைக் கைத்தாங்கலா இறக்கும்போது மாடிப்படியில உருண்டுட்டா. சாயங்காலமே போயிட்டா."

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்கே அடி?"

"தலையில. இடது தோளும் நொறுங்கிப் போச்சு."

அண்ணி கோட்டை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"போட்டுப் பார்த்தாச்சு" என்றார். "சரியா இருக்கும்."