கத்தரிப்பூ நிற ரிப்பன்

பெற்ற மகளைக் கோயிலில் விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன் நான். பட்டப்பகலில், கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நாற்பத்தெட்டு வயதில் இதைச் செய்தேன். அக்காவின் நினைவு மலரில் போய் இதை எதற்கு எழுதுகிறாய் என்று அண்ணன் கேட்டார். அக்கா கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது இதற்குத்தான். அதனால் எழுதுகிறேன். மலரை வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேருக்கு நடந்ததைவிட மோசமாகத் தெரியும். இரண்டு தரப்பும் ஒருமுறை சரியாகப் படித்துக்கொள்ளட்டும்.

முறைப்படி பிறப்பிலிருந்து வருகிறேன். அக்கா பிறந்தது கொற்கைக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே. கொற்கை என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் முத்து என்பார்கள். அக்கா வாழ்நாளில் கையில் எடுத்த முத்தெல்லாம் எங்கள் கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய பிளாஸ்டிக் மாலைகள்தான். அப்பா தோட்டத்தை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து பேன்சி கடை வைத்தார். வளையல், பொட்டு, ரிப்பன், ஹேர்பின். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணம். அத்தான் துறைமுக லாரி ஆபீசில் வேலை பார்த்தார்கள். ஒரு விபத்தில் போய்விட்டார்கள். அக்கா பிள்ளை குட்டி எதுவும் இல்லாமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வந்தவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அழுதிருப்பார். எங்களுக்குத் தெரியாத நேரமாகப் பார்த்து அழுதிருப்பார். எனக்குத் தெரிந்து அவர் கடையில் உட்கார்ந்தார்.

அப்பாவுக்குப் பிறகு கடை முழுக்க அக்கா கையில். என்னைப் படிக்கவைத்தது அந்தக் கடைதான். "படிச்சத எங்கனல வச்ச?" என்று நான் ஏதாவது பொருளைத் தொலைத்துவிட்டு நிற்கும்போதெல்லாம் அக்கா கேட்பார். படித்ததை நான் துறைமுகத்தில் வைத்தேன். ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா.

கடைக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் அடைப்பு. பங்குனி உத்திரம். அன்றைக்கு எங்கள் குடும்பம் செம்மணல் தேரிக்காட்டில் இருக்கும் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிடும். ஆனால் அக்காவின் பங்குனி மாசி முடியும்போதே ஆரம்பித்துவிடும். சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் கடையை ஒரு ஆளிடம் விட்டுவிட்டு, அண்ணனின் பேரப் பிள்ளைகள், என் மகள் யாழினி, தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவார். உப்பளத்தில் புதிதாகக் குவித்த உப்பைப் பார்க்க. பதநீர் குடிக்க. துறைமுகக் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்க. இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது என்பது பிள்ளைகளின் பெற்றோருக்குப் பிடித்திருந்தது.

இதில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது அக்காவுக்குப் போன் செய்யவேண்டும்.

"யக்கா, எறக்க ஒண்ணு வெளிய வருது."

"ரவுண்டானாவுக்கு வர எவ்வளவு நேரம்ல ஆவும்?"

"ஆமை மாதிரி வாரான். நீ சாவகாசமா வா."

சாவகாசமெல்லாம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் வந்து நிற்பார். ஒரு தெரு நீளம் இருக்கும் இறக்கை ரவுண்டானாவில் மெல்லத் திரும்பும். முன்னால் வண்டி போய்விடும், வால் இன்னும் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் கத்துவார்கள். டிரைவர்கள் அக்காவைப் பழகிக்கொண்டு, திரும்பி முடிந்ததும் ஒரு ஹாரன் கொடுப்பார்கள்.

உத்திரத்தன்று அக்காவுக்கு ஒரு வழக்கம். பிள்ளைகளுக்குத் தனி வேன். பெரியவர்கள், பொங்கல் பானைகள் எல்லாம் வேறு வண்டி. பிள்ளைகள் வேனில் பெரியவர் என்று ஏறுவது அக்கா மட்டும். கிளம்புவதற்கு முன் எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே நிறத்தில் ரிப்பன் கட்டுவார். அந்த வருஷம் எந்த நிறம் கடையில் விற்காமல் கிடக்கிறதோ அந்த நிறம்.

போன வருஷம் மாசியில் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. திறந்து பார்த்த டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நாங்கள் அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. உத்திரம் வந்தபோது அவர் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார். இந்தத் தடவை பிள்ளைகள் வேன் வேண்டாம், அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார்.

"வேன் போவும்" என்றார் அக்கா.

"யாரு கூட்டிட்டுப் போவா?"

அக்கா என்னைக் காட்டினார். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அண்ணன் அடக்கவில்லை.

"இவனா? இவன் கொடைய பஸ்ஸுல விட்டுட்டு வந்து, கொடை எங்கன்னு வீட்டுல சண்ட போடுறவன்."

"நீங்கள்லாம் புள்ளையள அதட்டத்தான் செய்விய. இவனுக்கு அதட்டத் தெரியாது. இவன் போட்டும்."

பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்குப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

காலையில் பிள்ளைகள் கட்டில் பக்கம் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். அக்கா தலையணையில் சாய்ந்து ஒவ்வொருவருக்காகக் கட்டினார். முடிச்சுப் போடக் கையில் தெம்பில்லாமல் இரண்டு மூன்று முறை அவிழ்ந்தது. நிறம் கத்தரிப்பூ.

"அத்தே, இந்தக் கலரு நல்லால்ல" என்றாள் யாழினி. அவளுக்கு அப்போது ஐந்து வயது.

"நல்லா இருந்தா வித்திருப்பேன்லா" என்றார் அக்கா. என்னைப் பார்த்து, "ஏலே, வரும்போது ஒவ்வொண்ணா பாத்து ஏத்து" என்றார். பார்த்துத்தான் ஏற்றினேன். எதைப் பார்த்து என்பதில்தான் பிரச்சினை.

கோயிலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. சிவப்பு மணல், பங்குனி வெயில், பனைமரத்துக்குப் பனைமரம் ஒரு அடுப்பு. பொங்கல் இறங்கியதும் அக்காவுக்குச் சூட்டோடு கொடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் வண்டி முதலில் கிளம்பிவிட்டது. நான் பிள்ளைகளோடு இருந்தேன். அவர்கள் என்னைக் கழுத்துவரை மணலில் புதைத்தார்கள். எழுந்து, மண்ணைத் தட்டி, வேன் வாசலில் நின்றேன். கண்ணாடியில் வியர்வை, கண்ணில் மணல். கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உயரம், எல்லாரும் புதுத்துணி. நான் கையைப் பார்த்தேன். கத்தரிப்பூ ரிப்பன் இருந்தால் தூக்கி உள்ளே வைத்தேன். வீட்டிலிருந்து வந்த எண்ணிக்கையும் சரியாக இருந்தது.

துறைமுகத்தில் இப்படித்தான். கன்டெய்னர் வாசலில் சீல் உடையாமல் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. "எங்கக்கா எவ்வளவு பெரிய மூளைக்காரி பாத்தியளா" என்று வேன் ஓட்டும் இசக்கி அண்ணாச்சியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

தேரியைத் தாண்டி மெயின்ரோடு ஏறி, பெட்ரோல் பங்க் வந்தபோது இசக்கி அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "பின்னால ஒரு புள்ள அழுவுது, தம்பி."

திரும்பி, "என்ன தங்கம், அம்மா முன்னாடி வண்டியில போயிருக்கால்லா" என்றேன்.

"எங்கம்மா வண்டியில போமாட்டா. நாங்க பஸ்ஸுல வந்தோம்."

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"ஒம்பேரு என்னம்மா?"

"சுபஸ்ரீ."

அண்ணன் பேரன் கதிர் எனக்கு விளக்கம் சொன்னான். "இவ நம்ம வீட்டுக்கு வெளாட வாரா, சின்னத்தாத்தா. யாழினிதான் ரிப்பன் குடுத்தா."

"யாழினி எங்கல?"

"ஜவ்வு மிட்டாய்க்காரர்ட்ட வாட்ச்சு கட்டிக்கிட்டு நின்னா. கையில எடம் வேணும்னு ரிப்பன அவுத்துட்டா."

ஜவ்வு மிட்டாயை இழுத்து மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒட்டிவிடுவார்கள். அதற்கு ரிப்பன் இடைஞ்சல். அவிழ்த்த ரிப்பனை, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கட்டிவிட்டாள். அதை நம்பித்தான் நான் ஏற்றினேன்.

வேன் திரும்பிப் போன தூரத்தைப் பற்றி எழுத எனக்கு வேடிக்கையாக எதுவும் அகப்படவில்லை. இசக்கி அண்ணாச்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சுபஸ்ரீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருப்பவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கோயிலை நெருங்கும்போதே மைக் சத்தம் கேட்டது. "தூத்துக்குடியிலருந்து வந்த யாழினிங்கற புள்ள இங்கன மைக்செட் பந்தல்ல இருக்கு. அவங்க அப்பா தொலஞ்சி போயிட்டாருன்னு சொல்லுது. அடையாளம், கண்ணாடி, தொந்தி, சட்டை பூரா மண்ணு. பாத்தவங்க கூட்டிட்டு வந்து ஒப்படைக்கவும்."

பந்தலில் யாழினி மிட்டாய்க் கடிகாரத்தைப் பாதி தின்று முடித்திருந்தாள். அவள் கையை ஒரு பெண் இறுகப் பிடித்திருந்தார். சுபஸ்ரீயின் அம்மா. மகளைக் கண்டதும் பறித்து அணைத்துக்கொண்டு அழுதார். அழுகை நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணாச்சி, புள்ளைய மூஞ்சப் பாத்து ஏத்தமாட்டியளா?"

"ரிப்பன் இருந்திச்சிம்மா..."

"மாட்டுக்குத்தான் கழுத்துல கயித்தப் பாப்பாவ. எம்புள்ள வாற வரைக்கும் ஒங்க புள்ளைய விடக்கூடாதுன்னு புடிச்சிட்டு நிக்கேன்."

விடாமல் பிடித்திருந்ததற்கு அவருக்குக் கும்பிடு போட்டேன். அவருக்கு அது போதவில்லை. அவர் சொன்ன மற்றதை மலரில் போடமுடியாது.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்று வேனில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஆளுக்கொரு ஐஸ் வாங்கிக்கொடுத்தேன். ஐஸ் தீர்ந்ததும் சத்தியமும் தீர்ந்தது. யாழினி நேராகக் கட்டிலுக்கு ஓடினாள்.

"அத்தே, அப்பா என்னய விட்டுட்டு வேற புள்ளைய ஏத்திட்டுப் போயிட்டாரு!"

மைனி பதறினார்கள். அக்கா முதலில் யாழினியின் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு முழுக்கதையையும் கேட்டார். மைக்கில் சொன்ன அடையாளம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"போதும்டே, தையல் பிரியுது... ரிப்பனப் பாத்தால ஏத்துன?"

"நீ அதப் பாத்துத்தான ஏத்துவ?"

"நான் என்னைக்குல ரிப்பனப் பாத்தேன்? விக்காத சரக்கு கெடக்கு. புள்ளையளுக்கு ஒரு சோக்கு. அதுக்குக் கட்டுறது."

இத்தனை வருஷமாக அதில் ஒரு பெரிய ஏற்பாடு இருப்பதாக நான் ஆபீசில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னார்: "வாற வருசம் மூஞ்சப் பாத்து ஏத்து."

டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னதை அக்கா எங்களிடம் பொதுவாகச் சொல்லிவிட்டார்.

"நீயே வந்து ஏத்து, யக்கா" என்றேன்.

அக்கா தண்ணீர் கேட்டார்.

வைகாசியில் போய்விட்டார். வலி இருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் எழுதவில்லை.

இந்தப் பங்குனியில் துக்க வருஷம் என்பதால் கோயில் இல்லை. உத்திரத்தன்று கடையை மட்டும் அடைத்தோம். காலையில் அடைத்த கடை வாசலில் பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கத்தரிப்பூ ரிப்பன் இந்த வருஷமும் விற்கவில்லை. நானே கட்டினேன். கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

சுபஸ்ரீயும் வந்தாள். அன்றிலிருந்து எங்களோடு போனில் பழகிவிட்ட அவள் அம்மா பஸ்ஸில் கொண்டுவந்து விட்டார். "இந்தத் தடவ நானே கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி. நீங்க தூக்கிட்டுப் போற வேல வேண்டாம்."

பிள்ளைகள் தண்ணீரில் நின்றார்கள். தூரத்தில் கப்பல்கள் உள்ளே வர முறைக்காகக் காத்திருந்தன. திரும்பும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, பெயரைச் சொல்லி, ஒவ்வொருவராக ஏற்றினேன். "எம்மூஞ்சி நல்லாத் தெரியுதா, சின்னத்தாத்தா? இன்னும் பக்கத்துல வரட்டுமா?" என்று கதிர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவைக் கடைசி மூன்று மாதம் குளிப்பாட்டி, துணி மாற்றிய மைனிக்கும் என் மனைவிக்கும். கேட்காமலே சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கு. வலி கூடிய நேரங்களில் அலுத்துக்கொள்ளாமல் வந்த நர்சம்மாவுக்கு. அக்காவைத் தூக்கிய அன்று வண்டியைச் சும்மா ஓட்டிய இசக்கி அண்ணாச்சிக்கு. என் மகளின் கையை விடாமல் பிடித்திருந்த சுபஸ்ரீயின் அம்மாவுக்கு. இந்த உத்திரத்தன்று துறைமுக ரோட்டில் ஒரு ஹாரன் கொடுத்துப் போன லாரிக்காரருக்கு. அவர் எதற்குக் கொடுத்தாரோ தெரியாது, எங்களுக்காக என்று வைத்துக்கொண்டோம்.

கடற்கரையிலிருந்து வேன் திரும்பும்போது யாழினி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் குறையவில்லை, யாரும் கூடவுமில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

"எப்படிப் பாப்பா, அப்பா அத்த மாதிரியே கூட்டிட்டு வந்தேனா?"

யாழினி ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"இல்ல. அத்த இல்லல்லா, அதான் ஒங்ககூட வந்தோம்."