இருளில் ஒன்றுமில்லை என்று எழுதினேன்

இருளுக்கு அஞ்சும் மழலையருக்காக அண்மையில் வெளிவந்த ஒரு படநூலில், மொழியைச் செம்மை செய்தவன் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. படித்தவர்கள் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டுக்கு நான் உரியவன் அல்லன் என்பதைப் பதிவு செய்யவே இதனை எழுதுகிறேன்.

நூலை எழுதிப் படமும் வரைந்தவர், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு செல்லும் வழியிலுள்ள ஓர் அங்கன்வாடியின் ஆசிரியை. கல்லூரியில் என்னிடம் தமிழ் பயின்றவர். சென்ற ஆண்டு கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு இராசபாளையத்திலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். கதை எளியது. இருளைக் கண்டு அழும் சிறுமி ஒருத்தி, ஒருநாள் தாயின் கையைப் பற்றிக்கொண்டு, கைவிளக்குடன், பாட்டொன்றை உரக்கப் பாடியபடி தோப்பினூடே நடந்து தந்தையிடம் சேர்கிறாள்.

எனக்கு அது நிறைவளிக்கவில்லை. அச்சம் நீங்கியவளுக்குத் துணை எதற்கு, கூச்சல் எதற்கு என்று எண்ணினேன். தாயையும் விளக்கையும் பாட்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘இருளில் ஒன்றுமில்லை, அவள் அமைதியாகத் தனியே நடந்தாள்’ என்று எழுதினேன். ஆசிரியை சற்று நேரம் தாளையே பார்த்திருந்தார், மறுப்பேதும் சொல்லவில்லை. என் திருத்தத்திற்கு ஏற்பப் படங்களையும் மாற்றி வரைந்தார்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு மாதிரிப் படியைப் பிள்ளைகளிடம் காட்டிப் பார்ப்பதென முடிவாயிற்று. ஒரு பிற்பகல் அந்த அங்கன்வாடிக்குச் சென்று நானே படித்துக் காட்டினேன். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கடைசிப் பக்கத்தை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னாள். எனக்குப் பெருமிதமாக இருந்தது.

மறுநாள் காலை ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, உடனே வர இயலுமா என்றார். பாராட்டத்தான் அழைக்கிறார் என்றெண்ணித் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறி, அங்கிருந்து ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அச்சிறுமியின் தாய் மகளை மடியில் இருத்தி அமர்ந்திருந்தார்.

நடந்ததை அவரே சொன்னார். முந்தைய மாலை பொழுது சாய்ந்ததும், அடுப்படியில் அவர் இருந்த வேளையில், மகள் தனியே வெளியேறியிருக்கிறாள். தோப்பில் தென்னைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தந்தையிடம் போக நினைத்தாளாம். விளக்கில்லை, வாயைத் திறக்கவுமில்லை. வரப்பை ஒட்டி ஒற்றை யானை ஒன்று தென்னங்கன்றைப் பிடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தற்செயலாகத் தந்தை அடித்த டார்ச் வெளிச்சத்தில் யானையும் மகளும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறார்கள். இடையே பத்தடிகூட இல்லை. அவர் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொண்டு வாய்க்காலில் விழுந்திருக்கிறார். அவருக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

“ஒங்க ஊரு இருட்டுல ஒண்ணும் இருக்காதுங்கய்யா. எங்க தோப்புல ஆனை இருக்கு,” என்றார் அந்தத் தாய். குரலில் சினம் இல்லை. “நாங்க புள்ளைகள பயப்படாதன்னு சொல்லுததில்ல. சத்தம் குடுத்துக்கிட்டே போன்னுதான் சொல்லுவோம். சத்தம் கேட்டா அது தன்னால ஒதுங்கிக்கிடும்.”

மடியிலிருந்தவள் குறுக்கிட்டாள். “புஸ்தகத்துல அந்தப் பாப்பா சும்மாதானம்மா போச்சு?”

முதலில் பாட்டு இருந்தது, அதை நீக்கியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க அழிச்சது ஆனைக்குத் தெரியாதுல்லா,” என்றார்.

ஆசிரியையிடம், அங்கே பல்லாண்டு பணிபுரிந்த நீயேனும் தடுத்திருக்கலாமே என்றேன்.

“ஐயா அடிச்சா அதுல ஒரு காரணம் இருக்கும்னு நெனைச்சிட்டேன்,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அன்றே அங்கேயே அமர்ந்து, என் வரிகளை நீக்கி அவருடைய வரிகளை மீண்டும் எழுதினோம். மூலப்படி அப்போது கைவசம் இல்லாததால், விடுபட்ட சொற்களை ஆசிரியை நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படங்களையும் அவர் பின்னர் முன்போலவே வரைந்தார். என் பெயரை எடுத்துவிடுமாறு கேட்டேன். அதை மட்டும் அவர் ஏற்கவில்லை.

நாற்பதாண்டு பிறர் எழுத்தைத் திருத்தியவன் நான். எதிரே இருந்தவர்கள் பேசாதிருந்ததை எத்தனை முறை உடன்பாடு என்று கொண்டேனோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னைவிட்டு அகலவில்லை. தோப்பு வழக்கங்களைக் கேட்டறிந்த அளவிலேயே இங்கு எழுதியிருக்கிறேன். அப்பகுதியில் வாழ்வோர் இதில் பிழை காணின் திருத்தியருள வேண்டும். முதியவன் என்ற மரியாதைக்காக யாரும் வாளாவிருந்துவிட வேண்டாம்.