வேகமாகக் கிண்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஜெல்லி அக்கா என்றுதான் பெயர். ஸ்கேன் பழகுகிறவர்கள் நோயாளியைத் தொடுவதற்கு முன், அவள் செய்த போலிச் சதையைத்தான் தொடுவார்கள். கடல்பாசித் தூளைக் காய்ச்சி, மெல்ல மெல்லக் கிண்டி, ஒரு குமிழ்கூட விழாமல் அச்சில் ஊற்றுவாள். ஆறு வருஷமாக அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அங்கேதான் வந்து சேர்ந்தாள் அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் பாதி அலமாரியைப் பிடித்தது போதாதென்று இங்கேயும் பாதி மேசையைப் பிடித்தாள். எண்ணெயில் பாலிமரை உருக்கி அவள் செய்த சதை வருஷம் போனாலும் கெடாது. ஜெல்லி அக்காவுடையதோ பத்தே நாளில் பூசணம் பூத்துவிடும். மேலதிகாரி புதுச் சதையை அமுக்கிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். ஆறு வருஷத்தில் தனக்கு ஒரு "அட" கூட விழவில்லையே என்று ஜெல்லி அக்காவுக்கு வயிறு எரிந்தது.

மார்பக ஸ்கேன் பயிற்சிக்கு எந்தச் சதை என்று திங்கட்கிழமை டாக்டர் வந்து முடிவு செய்வார். தோற்றதை அதோடு நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஓரகத்தி சட்டியோடு வந்து நின்றாள்.

"அக்கா, மார்புக்குன்னு செய்யறப்ப இதை மெதுவா கிண்டணுமா, வேகமா கிண்டணுமா?"

"வேகமா. கை நிக்கவே கூடாது," என்றாள் ஜெல்லி அக்கா, கூசாமல்.

வேகமாகக் கிண்டினால் உள்ளே பொடிப்பொடியாகக் காற்று தங்கும். வெளியே தெரியாது, ஸ்கேனில் மானம் போகும். அந்த இரண்டு நாளும் ஜெல்லி அக்கா பாவிக்கு என்ன சுகமான தூக்கம் வந்தது என்கிறீர்கள்!

திங்கட்கிழமை டாக்டர் ஜெல்லி அக்காவுடையதைப் பார்த்து, "சுத்தமா இருக்கு," என்றார். ஓரகத்தியுடையதில் கருவியை வைத்ததும் திரையெங்கும் வெள்ளைப் புள்ளி. ஜெல்லி அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"புத்துநோய் ஆரம்பிக்கறப்ப மார்புல சுண்ணாம்புப் பொட்டு விழுந்தா அச்சு அசல் இப்படித்தாங்க தெரியும்! இதைக் கண்டுபிடிக்கத்தான் யாருக்கும் பழக்கமில்ல. எனக்கு இதுதான் வேணும்," என்றார் டாக்டர்.

ஓரகத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு என்ன டாக்டர் தெரியும்? வேகமா கிண்டச் சொன்னதே எங்க அக்காதான்."

மேலதிகாரி ஜெல்லி அக்காவின் பக்கம் திரும்பினார். "அடேயப்பா! இந்தச் சூட்சுமத்தை இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க? இனிமே கடல்பாசியை விடுங்க, இவங்களுக்கே கிண்டிக் கொடுங்க."

மறுநாள் காலை ஓரகத்தியின் சட்டி முன்னால் கரண்டியோடு நின்றாள் ஜெல்லி அக்கா. கை பழைய பழக்கத்தில் மெதுவாகத்தான் போயிற்று.

"இன்னும் வேகமா, அக்கா," என்றாள் ஓரகத்தி, அவள் முகத்து வியர்வையைத் தன் முந்தானையால் பாசமாக ஒற்றிவிட்டு.